ஐந்தாம் பாதை திரும்பிய முற்றம்

போன மாதம் நான் ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது கத்ரின் கைபேசியில் அழைத்தாள். நான் இளைப்பாறிய பிறகு என் லொறியை ஓட்டுபவள் அவள்தான்.

"ராஜா, அந்த ஸ்டிக்கரை என்னத்தாலை ஒட்டினனீ? வெயிலுக்குக் கழண்டு விழுது. உள்ளை பழைய பேர் தெரியுது."

"பழைய பேரிலை என்ன பிழை?"

"பேரிலை பிழையில்லை. அப்பிடி ஒரு மாவட்டம் இப்ப இல்லையே, அதுதான் பிழை."

ஜேர்மனியில் ஒவ்வொரு ஊரின் வாசலிலும் மஞ்சள் பலகை நிற்கும். ஊரின் பெயர் பெரிதாக இருக்கும். அதன் கீழே எந்த மாவட்டம் என்று சிறிதாக எழுதியிருக்கும். எங்கள் மாவட்டத்தைக் கலைத்துப் பக்கத்து மாவட்டங்களோடு சேர்த்தபோது, அந்தச் சிறிய வரியின் மேல் புதுப் பெயரை ஒட்டியவர்களில் நானும் ஒருவன். கத்ரின் கேட்டது அந்தப் பசையைப் பற்றி. பத்துப் பாகைக்குக் குறைந்த குளிரில் ஒட்டினால் பிடிக்காது, முதலில் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவேண்டும், சவர்க்காரத் தண்ணீர் தெளித்து ரப்பர் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்க்கவேண்டும் என்றெல்லாம் சொன்னேன். பேசி முடித்து நிமிர்ந்தபோது நான் இறங்கவேண்டிய நிலையம் போய்விட்டிருந்தது. அதனால் ஒன்றுமில்லை. இப்போதெல்லாம் மாதச் சீட்டு ஒன்றை வைத்துக்கொண்டு எங்காவது போய்வருவதுதான் என் வேலை.

"அந்த மாவட்டத்தைப் பற்றி ஒருக்கா எழுதி வையன்" என்று கத்ரின் சொல்லியிருந்தாள். எழுதுகிறேன். என் ஜேர்மன் எழுத்து மற்றவர் பார்க்கும்படி இருக்காது, ஆகவே தமிழில். அவளுக்குப் படிக்க ஏலாது, அது அவள் பாடு. ஜேர்மன்காரர் பேசியதையும் எனக்கு வருகிற தமிழிலேயே தருகிறேன்.

அந்த மாவட்டத்தின் பெயர் எல்ஸ்புறுக் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கு ஜேர்மனியில் காடும் கிழங்கு வயலும் சிறு ஊர்களும் கொண்ட ஒரு துண்டு நிலம். பிரபுக்கள் காலத்தில் வரிக்காக வகுத்த எல்லை அது. பிறகு வந்த ஒவ்வோர் அரசும் ஒரு முறை வெட்டியது, அல்லது ஒட்டியது. எங்கள் வீதிக் கந்தோரின் சுவரில் மூன்று வரைபடங்கள் தொங்கின. மூன்றும் ஒரே மாவட்டம்தான், ஆனால் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. ஒன்றில் மேற்கே ஒரு வால் நீண்டிருக்கும். அடுத்ததில் வால் அறுந்திருக்கும். கடைசி வரைபடத்தில் வடக்கே மேட்டுக்கு அப்பால் இருந்த ஒரு கிராமத்தைப் பக்கத்து மாவட்டத்துக்குக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கிராமத்தோடு சேர்ந்து, மேட்டுக்கு இந்தப் பக்கம் தனியாக நின்ற ஒரு வீடும் போய்விட்டது. அந்த வீட்டுக்காரரின் வயல் மேட்டுக்கு அப்பால் இருந்ததாம், அதுதான் காரணம். கோடு போட்டவர் வயலைப் பார்த்திருக்கிறார், வழியைப் பார்க்கவில்லை.

நான் அங்கே வந்தது என் விருப்பத்தில் அல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். மீன்பிடி வள்ளம், கொழும்பில் ஒரு சில்லறைக் கடை, பெய்ரூட்டில் ஒரு பேக்கரி, மொஸ்கோவில் ஒரு அறையில் பதினாலு பேர், பிறகு பெர்லின். சுவர் விழுந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அகதி மனு கொடுத்தவர்களை மாநிலம் மாநிலமாகப் பிரித்து அனுப்பினார்கள். எனக்கு எல்ஸ்புறுக் விழுந்தது. காட்டோரத்தில், முன்பு ஒரு தொழிற்சாலைத் தொழிலாளர்கள் விடுமுறைக்கு வந்து தங்கிய மரக் குடில்கள். அங்கே நாலு வருடம். பஸ் தரிப்பில், வெளிநாட்டவரை வெறுக்கும் மொட்டைத் தலைக்காரர் சிலர் ஒரு முறை அடித்ததில் பல் ஒன்று போனது. வேறு பெரிய சேதமில்லை.

அந்த நாலு வருடமும் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். தாண்டவேண்டுமென்றால் வெளிநாட்டவர் கந்தோரில் எழுதி வாங்கவேண்டும். அந்தச் சீட்டை எங்கள் ஆட்கள் 'லீவுத் துண்டு' என்பார்கள். எங்கள் குடிலில் பாலன் என்று ஒருவன் இருந்தான். ஜேர்மனியின் மறுகோடியில் இருக்கும் ஊன்ட்றொப் அம்மன் கோவில் தேருக்குத் துண்டு கேட்டான். கொடுக்கவில்லை. துண்டில்லாமல் போய்ப் பிடிபட்டுத் தண்டம் கட்டியிருந்தான். அதன் பிறகு ஒரு நாள் இலவசப் பத்திரிகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"மச்சான், இஞ்சை பார். பக்கத்திலை இருக்கிற பெரிய ரவுனுக்கு என்ன போட்டிருக்கு எண்டு பார். கிரைஸ்ஃப்ரை!"

"அதென்ன?"

"அகராதியிலை பாத்திட்டன். கிரைஸ் எண்டால் மாவட்டம். ஃப்ரை எண்டால் விடுதலை. மாவட்டக் கட்டுப்பாடு இல்லாத நகரம்! எங்களைப்போலை ஆக்கள் போகத்தான் வைச்சிருக்கிறாங்கள்."

"உண்மையோடா?"

"பேப்பரிலை அச்சடிச்சுப் பொய் சொல்லுவாங்களோ?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இருவரும் குளித்து, சேட்டு மாற்றி, பஸ் ஏறிப் போனோம். ஆசியக் கடையில் மிளகாய்த்தூளும் நெத்தலியும் வாங்கினோம். திரும்பும்போது ரயில் நிலையத்தில் பொலிஸ் மறித்தது. பாலன் துளியும் பயப்படாமல் பத்திரிகையை விரித்துக் காட்டினான். அந்தப் பொலிஸ்காரர் வாசித்தார், எங்களைப் பார்த்தார், பிறகு வோக்கிடோக்கியில் இன்னொருவரை அழைத்து எங்கள் விளக்கத்தைத் திரும்பவும் சொல்லச் சொன்னார். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். கிரைஸ்ஃப்ரை என்றால் எந்த மாவட்டத்துக்கும் கட்டுப்படாமல் தன்னைத் தானே நிர்வகிக்கும் நகரம் என்று அர்த்தமாம். விடுதலை நகரத்துக்குத்தான், நமக்கில்லை. சிரித்து முடித்துக் கடுதாசியை எழுதினார்கள். எனக்கு முதல் முறை என்பதால் தண்டம் மட்டும். பாலனுக்கு இரண்டாம் முறை, ஆகவே வழக்கு. வழக்குத் திகதிக்கு முன்பே ஒரு காலையில் அவன் படுக்கை மடித்தபடி கிடந்தது. பாரிஸில் இருப்பதாகப் பிறகு அறிந்தேன்.

எனக்கு விசா கிடைத்ததும் ஓட்டம்தான். ஹம்பேர்க்கில் கப்பல் துப்புரவு, ஸ்டுட்கார்ட்டில் பொதி ஏற்றல், வுப்பர்டாலில் அக்கா வீட்டில் தங்கி ஓர் உணவகத்தில் சட்டி கழுவினேன். எந்த இடத்திலும் ஒரு வருடம் நிறையவில்லை. பழைய மாவட்டத்தில் வீதி வேலைக்கு அரசாங்க உதவித் திட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று குடிலில் கூட இருந்த ஒருவர் சொன்னார். பெட்டியைக் கட்டினேன்.

"உனக்கு மூளை கழண்டுபோச்சே?" என்றார் அக்கா. "எல்லாரும் அந்தக் காட்டை விட்டிட்டு இஞ்சை ஓடி வாறாங்கள். நீ அங்கை ஓடுறாய்."

"சட்டிக்கு முன்னாலை நிண்டுகொண்டு இருக்க ஏலாதக்கா."

"அங்கை மட்டும் என்ன கிழிக்கப் போறாய்?"

"றோட்டு. றோட்டிலை எண்டால் நகர்ந்துகொண்டு இருக்கலாம்."

இன்னொரு காரணமும் இருந்தது. எல்லையைத் தாண்டக்கூடாதென்று சொன்னபடியால் நாலு வருடமும் அந்த எல்லைக்குள்தான் நடந்து திரிந்திருந்தேன். மழை பெய்தால் எந்த வளைவில் தண்ணீர் நிற்கும் என்பது வரை எனக்குத் தெரியும். வேறெந்த ஊரிலும் எனக்கு அப்படி ஒன்றும் தெரியாது.

முதல் இரண்டு வருடம் வீதியோரத்து வெள்ளைக் கம்பங்களைக் கழுவினேன். ஐம்பது மீட்டருக்கு ஒரு கம்பம். பிறகு மாவட்டமே செலவழித்து லொறி ஓட்டப் பழக்கி, நிரந்தரமாக எடுத்தார்கள்.

எங்கள் மேற்பார்வையாளர் பெயர் வென்ட். ஒல்லியான ஆள். மேற்சட்டைப் பையில் எப்போதும் ஒரு மஞ்சள் மடக்கு அளவுகோல் இருக்கும். மற்றவர்கள் என்னை ராஜா என்றபோது, அவர் மட்டும் முழுப்பெயரைப் பழகிக்கொண்டு, திரு என்பதற்கு ஜேர்மனில் சொல்லும் ஹெர்ரையும் சேர்த்து, "ஹெர் ராஜரட்ணம்" என்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நல்லது, கெட்டது என்ற சொற்களும் அவர் வாயில் வராது. "ஏழு தசம் நாலில் குழி" என்றால் ஏழாவது கிலோமீட்டர் தாண்டி நானூறாவது மீட்டரில் குழி. ஒன்பது மணிக்குப் பாண், பத்து நிமிடம். மாலையில் ஒவ்வொரு சாரதியும் வீதிக் குறிப்பேட்டில் அன்றைய வேலையை எழுதவேண்டும். என் ஜேர்மனைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் பென்சிலை எடுத்துக் கிலோமீட்டர் இலக்கத்தை மட்டும் திருத்துவார். இலக்கணத்தைத் தொடமாட்டார். "வீதி எங்கே என்று தெரிந்தால் போதும்" என்பார்.

பனிக்காலத்தில் அதிகாலை மூன்று மணிக்கு உப்பு ஏற்றி வெளிக்கிடுவோம். எனக்குக் கிடைத்தது ஐந்தாம் பாதை. முப்பத்தெட்டு தசம் இரண்டு கிலோமீட்டர். கடைசிக் கிராமத்தைத் தாண்டிக் காட்டுக்குள் ஏறி, மாவட்ட எல்லைப் பலகை வரை போகும். பலகையடியில், லொறியின் முன்னால் பனி தள்ளும் தகட்டைத் தூக்கவேண்டும். பலகைக்கு முன்னால் மரக்குற்றி ஏற்றும் ஓர் இடைவெளி இருந்தது. அதில் திரும்பி வரவேண்டும். அதற்கு அப்பால் நானூறு மீட்டரில் தெரியும் ஒற்றை வீடு பக்கத்து மாவட்டத்தைச் சேர்ந்தது. நான் மேலே சொன்ன, வயலால் தொலைந்த அதே வீடு.

மாவட்டம் கலைவதற்கு முந்திய பனிக்காலம் அது. முதல் கனத்த பனி விழுந்த காலையில், பலகைக்கு அப்பால் ஒரு பெண் சவளால் பனி அள்ளிக்கொண்டிருந்தார். எழுபது வயதாவது இருக்கும். முழு வீதியையும் அல்ல, கார்ச் சில்லு போகும் அகலத்தில் இரண்டு கோடு மட்டும். நான் தகட்டைத் தூக்கித் திரும்பப்போனபோது அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கள் எப்பவும் இதிலைதான் திரும்புவீங்களோ?"

"ஓம். எங்கடை வீதி இதோடை முடியுது."

"எங்கடை வீதி எங்கை தொடங்குது எண்டு ஒருத்தரும் சொல்லுறாங்கள் இல்லை" என்றார். "என்ரை மனுசனுக்கு டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி. ஏழு மணிக்கு டாக்ஸி வரும். வீதி துப்புரவில்லாட்டி டாக்ஸிக்காரன் வரமாட்டான். இவ்வளவு நாளும் பக்கத்து வயல்காரன் டிராக்டராலை தள்ளிவிட்டவன். அவன் வித்துப்போட்டுப் போயிட்டான்."

அவர் பெயர் திருமதி லோரென்ஸ். சொல்லிவிட்டு உதவியென்று எதையும் கேட்கவில்லை. மீண்டும் குனிந்து அள்ளத் தொடங்கினார். நான் திரும்பி வந்துவிட்டேன். மேட்டுக்கு அப்பாலிருந்து வரும் பக்கத்து மாவட்டத்து வீதி, சரிவு காரணமாகப் பனிக்காலம் முழுவதும் மூடியிருக்கும். ஆகவே அந்த வீட்டுக்கு இருந்தது எங்கள் வழி மட்டும்.

அடுத்த பனிக்கு, அது ஒரு புதன்கிழமை, பலகையில் தகட்டைத் தூக்கவில்லை. வீடு வரை தள்ளி, அகன்ற முற்றத்தில் ஒரு வட்டம் அடித்துத் திரும்பினேன். வெள்ளிக்கிழமையும் அப்படியே. திங்கட்கிழமை வென்ட் கூப்பிட்டார். உப்புத் தூவும் இயந்திரம் ஓடிய தூரத்தைத் தாளில் அச்சடித்துத் தரும். அந்தத் தாள் மேசையில் கிடந்தது.

"ஐந்தாம் பாதை முப்பத்தெட்டு தசம் இரண்டு. உங்கடை தாளிலை முப்பத்தொன்பது. எண்ணூறு மீட்டர் எங்கையிருந்து வந்தது?"

உள்ளதைச் சொன்னேன்.

"அங்கை லொறி பள்ளத்திலை விழுந்தால் காப்புறுதி இல்லை, தெரியுமோ?"

"தெரியும்."

"ஒருக்காத் தள்ளினால் அந்த வீதி எங்கடை பொறுப்பு. நாளைக்கு ஒருத்தர் வழுக்கி விழுந்தால், வெள்ளிக்கிழமை தள்ளினவன் ஞாயிற்றுக்கிழமை ஏன் தள்ளேல்லை எண்டு நீதிமன்றத்திலை கேப்பாங்கள்."

"அப்ப அந்த மனுசன் எப்பிடிப் போறது?"

அவர் இழுப்பறையிலிருந்து ஒரு கட்டுக் கடிதங்களை எடுத்து வைத்தார். பக்கத்து மாவட்டத்துக்கு அவர் எழுதியவையும் வந்த மூன்று பதில்களும். மேட்டுவீதி வழியாக அந்த வீட்டுக்குப் போக வழி இருக்கிறது என்று மூன்று பதிலிலும் ஒரே வசனம். முதற் கடிதத்தின் திகதி நான் திருமதி லோரென்ஸைச் சந்திப்பதற்கு மூன்று கிழமை முந்தியது. எனக்கு முகம் சுட்டது.

"புதன்கிழமை நானும் வாறன்" என்றார்.

புதன் அதிகாலை, வாழ்க்கையில் முதல் முறையாக, என் பக்கத்து இருக்கையில் ஏறினார். எல்லைப் பலகையில் இறங்கி, மரக்குற்றி இடைவெளியில் பனியில் முழங்காலிட்டு, லாம்பு வெளிச்சத்தில் அந்த மடக்கு அளவுகோலால் அளந்தார். பிறகு லொறியைத் தகட்டு நுனியிலிருந்து உப்புத்தொட்டி முனை வரை அளந்தார். ஏறி வந்து கையுறையைக் கழற்றினார்.

"இதிலை திரும்ப ஏலாது."

"இவ்வளவு காலமும் இதிலைதானே திரும்பினனான்."

"நான் அளந்தனான், ஹெர் ராஜரட்ணம். பின்னுக்கு எடுக்காமல் திரும்ப ஏலாது. பின்னுக்கு எடுக்கிறதெண்டால் இறங்கி நிண்டு வழி காட்ட இன்னொரு ஆள் வேணும், அது விதி. உங்களுக்கு ஆள் இல்லை. அடுத்த திரும்புமிடம் எங்கை?"

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது.

"லோரென்ஸ் வீட்டு முற்றம்."

"அப்ப அங்கை திரும்புங்கோ. திரும்பப் போற தூரம் வேலைத் தூரம், காப்புறுதி இருக்கு."

"தகடு?"

"பனியிலை தகட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுறது சாரதிக்கு ஆபத்து. கீழை விடுங்கோ."

குறிப்பேட்டில் அவரே பென்சிலால் எழுதினார்: ஐந்தாம் பாதை, திரும்புமிடம் லோரென்ஸ் முற்றத்துக்கு மாற்றம், காரணம் பாதுகாப்பு. லோரென்ஸ் ஐயாவை அன்றுதான் முதலில் பார்த்தேன். பெரிய உருவம், மங்கிய மஞ்சள் முகம், பையை மடியில் வைத்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். "இந்தப் பக்கத்தாலை ஒரு அரசாங்கம் வந்து இப்பதான் பாக்கிறன்" என்று வென்டுக்குத் தொப்பியைத் தூக்கினார். வென்ட், "நாங்கள் திரும்பத்தான் வந்தனாங்கள்" என்றார். அந்தப் பனிக்காலம் முழுக்க ஏழு மணி டாக்ஸி ஒரு நாளும் தவறவில்லை.

கோடையில் மாவட்டம் கலைந்தது. பெரிய விழா எதுவும் இல்லை. நாங்கள் ஊர் ஊராகப் போய் ஸ்டிக்கர் ஒட்டினோம். எல்லைப் பலகையை நானே கிண்டி எடுத்தேன். கொங்கிறீட் அடி ஒரு மீட்டர் ஆழம் போயிருந்தது. பலகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இனி ஒரே மாவட்டம். லோரென்ஸ் ஐயா கதிரை போட்டு இருந்து பார்த்தார். "இனி எங்களுக்குப் பிரச்சினை இல்லை, என்ன?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். நான் அதை நம்பித்தான் சொன்னேன். வென்ட் அந்த மாதமே இளைப்பாறிப் போனார்.

புதிய தலைமைக் கந்தோர் அறுபது கிலோமீட்டர் தள்ளி. புதுப் பனித்திட்டம் கணினியில் போட்டு வந்தது. தாளைப் பார்த்தபோது ஐந்தாம் பாதை குறைந்திருந்தது. கடைசிக் கிராமத்து பஸ் தரிப்போடு முடிந்தது. எங்கள் பழைய மாவட்டத்தின் விலாசப் பட்டியலில் கிராமத்துக்கு மேலே எந்த வீடும் இல்லை. பக்கத்து மாவட்டத்தின் பட்டியலில் லோரென்ஸ் வீடு மேட்டுவீதி வீடு. மேட்டுவீதி பனிக்காலத்தில் மூடப்படும். இரண்டு பட்டியலையும் சேர்த்த கணினிக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. முன்பு துப்புரவில்லாமல் இருந்தது நானூறு மீட்டர். இப்போது மூன்று கிலோமீட்டர்.

திட்டமிடல் பிரிவுக்கு அழைத்தேன். பொறுப்பாக இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். "வீட்டைத் திட்டத்திலை சேர்க்க ஒரு அன்ட்ராக் எழுதச் சொல்லுங்கோ. அடுத்த பனிக்காலத்துக்குப் பரிசீலிப்பம்."

"அவருக்கு அடுத்த பனிக்காலம் மட்டும் பொறுக்க ஏலாது."

"எனக்கு விளங்குது. அன்ட்ராக் இல்லாமல் என்னாலை தொட ஏலாது."

திருமதி லோரென்ஸ் அந்த மனுவை எழுதினார். நான் இன்னொன்று எழுதினேன். திரும்புமிடத்தை மாற்றக் கோரும் மனு. பஸ் தரிப்பில் பள்ளிப் பிள்ளைகள் நிற்பார்கள், அங்கே பின்னுக்கு எடுப்பது ஆபத்து, அடுத்த திரும்புமிடம் லோரென்ஸ் முற்றம். வென்டின் வழி அது. என் ஜேர்மனில் நாலு வரி எழுத இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அலுவலர் நேரில் வந்து பார்த்துத்தான் முடிவு சொல்வார்களாம். அதற்கு டெர்மின், அதாவது குறித்த நாள், பெப்ரவரியில் என்று பதில் வந்தது.

டிசம்பரில் இரண்டு முறை கனத்த பனி விழுந்தது. இரண்டு முறையும் மேலே போனேன். இப்போது லொறியில் அச்சுத்தாள் இல்லை, செய்மதிக் கருவி. நான் கிராமத்தைத் தாண்டியதும் அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் யாரோ ஒருவரின் திரையில் சிவப்பு வந்துவிடும். இரண்டு எழுத்துமூல எச்சரிக்கை. மூன்றாவது வந்தால் வேலை இல்லை. எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது.

ஜனவரியில், ஒரு வியாழக்கிழமை, புயல் எச்சரிக்கை. புதிய மாவட்டத்தின் அடுத்த முனையில் ஒரு சாரதிக்குச் சுகமில்லை, வெள்ளி காலை அங்கே போ என்று உத்தரவு. திருமதி லோரென்ஸுக்கு அழைத்துச் சொன்னேன்.

"நாளைக்கு நான் இந்தப் பக்கம் இல்லை. வேறை ஒருத்தர் ஓட்டுவார். அவர் மேலை வரமாட்டார்."

"சரி" என்றார். "எங்களிட்டைச் சவள் இருக்கு."

மூன்று கிலோமீட்டர். இருவருக்கும் அது தெரியும். உத்தரவை மறுத்திருக்கலாம். மறுத்திருந்தால் லொறியும் இல்லை, நானும் இல்லை, எப்படியும் வழி துப்புரவாகியிராது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. மற்றப் பாதி, எனக்கு வேலை வேண்டியிருந்தது. போனேன். எண்பது கிலோமீட்டர் தள்ளி, பெயர் தெரியாத ஊர்களின் வீதிகளை நாள் முழுக்கத் தள்ளினேன்.

டாக்ஸி கிராமத்தோடு நின்றுவிட்டது. திருமதி லோரென்ஸ் எண்ணூறு மீட்டர் வரை அள்ளியிருந்தாராம். தீயணைப்புப் படை மேலே போய்ச் சேர்ந்தது சனிக்கிழமை மத்தியானம். லோரென்ஸ் ஐயாவை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது மூச்சு இருந்தது. அதற்குப் பிறகு அவர் வீட்டுக்கு வரவில்லை. இரண்டு முறை போய்ப் பார்த்தேன். முதல் முறை பழைய மாவட்டத்தைப் பற்றிப் பகிடி சொன்னார். இரண்டாம் முறை பேசவில்லை.

பெப்ரவரி டெர்மினுக்குத் திட்டமிடல் பெண் தட்டைச் சப்பாத்தோடு வந்தார். பஸ் தரிப்பையும் பிள்ளைகளையும் பார்த்தார். மேலே ஏறி, முற்றத்தைப் பார்த்து, பூட்டிய கதவைப் பார்த்தார். திருமதி லோரென்ஸ் அப்போது கணவரோடு வைத்தியசாலையில். "ஆர் இஞ்சை இருக்கினம்?" என்றார். சொன்னேன். அவர் பேனாவைத் திறந்து அந்த இடத்திலேயே என் மனுவில் கையெழுத்து வைத்தார். திரும்பும் வழியில் யன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "நீங்கள் என்னைத் திரும்பவும் திரும்பவும் போனிலை கூப்பிட்டிருக்கலாம்" என்றார். "கூப்பிட்டிருக்கலாம்" என்றேன். அனுமதிக் கடிதம் மார்ச்சில் வந்தது. லோரென்ஸ் ஐயாவை அடக்கம் செய்து ஆறு நாள் ஆகியிருந்தது.

அடுத்த பனிக்காலத்தின் முதல் பனி. திட்டத்தில் இப்போது திரும்புமிடம் லோரென்ஸ் முற்றம் என்று முறைப்படி அச்சாகியிருந்தது. தகட்டை இறக்கி மேலே போனேன். சிவப்பு எதுவும் வரவில்லை. முற்றத்துக்கு நடுவே பழைய தள்ளுவண்டி ஒன்று குறுக்கே நின்றது. எவரோ வேண்டுமென்றே வைத்ததுபோல் நேராக நின்றது. வட்டம் அடிக்க ஏலாது. நிறுத்தினேன். திருமதி லோரென்ஸ் குளிர்ச்சட்டை போட்டு, ஒரு சிறிய சூட்கேசுடன் வாசலில் நின்றார்.

"இதை எடுத்துவிடுங்கோ, நான் திரும்பவேணும்" என்றேன்.

"அது கிடக்கட்டும். பின்னுக்கு எடுங்கோ."

"பின்னுக்கு எடுக்க வழி காட்டுற ஆள் வேணும். விதி."

"தெரியும். உங்கடை மேற்பார்வையாளர் சொல்லிக் கேட்டனான்." சூட்கேசைத் தூக்கி என் பக்கத்து இருக்கையில் வைத்தார். "நான்தான் அந்த ஆள். வழி காட்டுற ஆள் லொறியிலை ஏறலாமெல்லோ?"

"எங்கை போறியள்?"

"தங்கச்சியிட்டை. அவளிட்டை லிப்ட் இருக்கு, பக்கத்திலை ஆக்கள் இருக்கினம். வீட்டை ஒருத்தர் கேட்டிருக்கிறார், குடுக்கிறன்." பிறகு என்னைப் பார்த்தார். "அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம். நானும் கேக்கமாட்டன்."

பின்னால் போய் நின்று, கையை உயர்த்தி, வா வா என்று காட்டினார். நன்றாகவே காட்டினார். ஒரு முறை கையைக் குறுக்கே நீட்டி நிறுத்தினார், பின்னால் பனிக்குள் மறைந்திருந்த வேலிக்கம்பியை நான் பார்த்திருக்கவில்லை. ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். மூன்று கிலோமீட்டரும் யன்னலால் வீதியையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் தள்ளிய பனி இரு பக்கமும் குவிந்திருந்தது, நடுவில் வீதி கறுப்பாக, முழு அகலத்துக்கும் திறந்து கிடந்தது.

"நல்லாத்தான் செய்யிறியள்" என்றார் பஸ் தரிப்பில் இறங்கும்போது.

பஸ் வரும்வரை நிற்க நேரமிருக்கவில்லை, ஆறாம் பாதையும் அன்று எனக்குத்தான்.

மாலையில் குறிப்பேட்டை எழுதினேன். ஐந்தாம் பாதை, முப்பத்தொன்பது. திரும்புமிடம் லோரென்ஸ் முற்றம். பின்னுக்கு எடுத்தது ஒரு முறை, வழி காட்டியவர் ஒருவர். பெயர் எழுதும் கட்டத்தில் அவரது பெயரை எழுதினேன். தலைமைக் கந்தோரில் எவரும் கேட்கவில்லை.